நான் சேர்த்த ‘மெல்ல’

இங்கிலாந்திலிருந்து வந்த ஈமெயிலில் ஒரே கேள்விதான் இருந்தது: “மூன்றாம் பக்கத்தில் உங்கள் கொயர் பாடும் அந்த இரண்டு அசைகள் என்ன? நான் அங்கே வார்த்தையே எழுதவில்லையே.”

அந்த இரண்டு அசைகளையும் எழுதியவள் நான். பத்தாவது வரை படித்தவள். தெலுங்கு பேசும் ஊரான லாலாகுடாவில் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, நடுவில் எங்கள் சபையின் பாடகர் குழுவான கொயருக்கு நோட்டேஷன், அதாவது பாட்டின் இசைக்குறிப்பு.

கேட்டவர், நாங்கள் பாடி அனுப்பிய பாட்டுக்கு இசையமைத்த கம்போசர். வயதான ஆங்கிலேயர். சின்னச் சின்ன ஊர்களின் கொயர்களைப் பழக்கியவர். அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதியவர். எங்கள் கொயர் மாஸ்டர் அந்தப் புத்தகத்தைப் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். பாட்டைத் தமிழில் பாட அனுமதி கேட்டபோது, “முதலில் பாடி அனுப்புங்கள். ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது” என்று கம்போசர் எழுதியிருந்தார். அனுமதி வந்தால்தான் ஈஸ்டருக்கு அந்தப் பாட்டு.

தமிழ் வரிகள் பாஸ்டருடையவை. கொயர் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், வாசிக்க வராது. அதனால் ஆங்கில எழுத்தில் அடித்து, ஒவ்வொரு நோட்டுக்கும் ஓர் அசையாகக் கோடு போட்டுப் பிரிப்பேன். மூன்றாம் பக்கத்தில் வரி இல்லை. வாயை மூடி ‘ம்ம்’ என்று முனக வேண்டும். மெதுவாகப் பாடச் சொல்லி மேலே ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. அதையும் தமிழாக்கினேன். எங்கே போடுவது என்று மாஸ்டரிடம் கேட்கக் கூச்சம். கீழே காலியாக இருந்த இடத்தில் போட்டேன். கைப்பழக்கத்தில் கோடும் விழுந்தது: ‘மெல்-ல’. சரியாக இரண்டு நோட்டுக்குக் கீழே.

பிள்ளைகள் அதையும் பாட்டு வரி என்றே எடுத்து உருக்கமாகப் பாடினார்கள். ரெக்கார்டிங்கும் போய்விட்டது.

ஈமெயிலைப் பார்த்துவிட்டு மாஸ்டர் கடைக்கே வந்தார். கூடவே கொயரில் சோப்ரானோ என்ற உச்சக் குரலில் பாடும் பெண் ஒருத்தி.

“ஏம்மா, ஒன்ன டைப் அடிக்கச் சொன்னா நீ பாட்டே எழுதிருக்க! பாஸ்டர் எழுதினதுன்னுல்லா நெனச்சேன்.”

“பேப்பர்ல இருந்துச்சு, பாடிட்டோம். டென்ஷன் நக்கோ, வேணாம் அக்கா,” என்றாள் அவள்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “பழைய பக்தி வார்த்தைன்னு அடிச்சு விடு. அவருக்கு என்ன தெரியப் போவுது?”

பதில் ஈமெயிலில் சொன்னபடியே அடித்தேன். திரையில் பார்த்தேன். என் தப்புக்குப் பாஸ்டர் அங்கி மாட்டியது போல இருந்தது. அழித்தேன்.

“வேணாம் மாஸ்டர். நான் பண்ண தப்புன்னே போட்டுடறேன்.”

“அனுமதி போச்சுன்னா?”

“கொயர்கிட்ட நானே சொல்றேன்.” சொன்ன பிறகுதான் அங்கே இருபத்திரண்டு பேர் என்பது நினைவுக்கு வந்தது.

நடந்ததையும் அந்தச் சொல்லின் பொருளையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. “உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அனுமதி தருகிறேன். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ‘மெல்ல’ என்று பாடுகிறார்கள். ஆனால் மெல்லப் பாடவில்லை.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலி இடத்தைக் கண்டால் கை துடிக்கும். நிரப்பும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குக் கூச்சப்பட்டால், கடல் தாண்டி மன்னிப்புக் கேட்க வேண்டிவரும்.