மலையில்லாத ஊரின் கட்டுரை

வலங்கைமான் பக்கத்தில் மலை கிடையாது. மேல்நிலை நீர்த்தொட்டியின் உச்சியில் ஏறி நின்றாலும் வயலும் தென்னையும் செல்போன் கோபுரமும்தான் தெரியும். மலையைப் பார்க்கவேண்டும் என்றால் திருச்சிக்குப் பஸ் ஏறவேண்டும். ஆனால் எங்கள் வட்டாரத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மலையடிவாரத்தில்தான் குடியிருந்தார்கள். ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் போதும், ‘எங்கள் ஊர் மலையடிவாரத்தில் அமைந்த அழகிய சிற்றூர். அருவியின் ஓசை எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். சிவப்பு மையால் டிக் விழும். பத்துக்கு ஒன்பது விழும். அருவி எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்டவர் எழில்மொழி டீச்சர்.

குறுவள மையப் பயிற்சி என்றால் என்னவென்று வாத்தியார் வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவோம். கருத்தாளர் என்று ஒருவர் முன்னால் நிற்பார். அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர்தான். மாவட்டத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்ததை எங்களிடம் ஒப்பிப்பார். புரொஜெக்டர் ஓடும், மின்விசிறி ஓடாது. பதினொரு மணிக்கு டீயும் சுண்டலும் வரும். பயிற்சியில் எங்களுக்கு முழுதாக விளங்கும் பகுதி அது ஒன்றுதான். அதனால், வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்பது பற்றி எழில்மொழி பயிற்சி தருகிறார் என்று தெரிந்ததும் நான் கடைசி வரிசையில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். அது ஜூலை மாதம்.

அவர் புரொஜெக்டரைத் தொடவே இல்லை. ஆறு பள்ளிகளிலிருந்து வாங்கி வந்த கட்டுரைத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வரியை மட்டும் வாசித்தார். மலையடிவாரம். மலையடிவாரம். மூன்றாவது தாளிலேயே எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆறையும் வாசித்து முடித்த பிறகு கேட்டார்.

“இந்த ஊருக்கெல்லாம் வலங்கைமான்லேர்ந்து எந்த பஸ்ல போவணும்?”

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த தங்கையன் சாரின் முகம் கடுகடு என்று ஆகிவிட்டது. காரணம் இருந்தது. அந்த மாதிரிக் கட்டுரையை வட்டாரத்துக்கே கொடுத்தவர் அவர்தான். எங்களில் மூத்த தலைமையாசிரியர். ஏதோ ஒரு நோட்ஸிலிருந்து எடுத்து, முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று கட்டம் கட்டி, ஜெராக்ஸ் போட்டு, பள்ளி பள்ளியாகப் போய்க் கொடுத்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளைகள் ஒரு பக்கமாவது நிரப்பட்டும் என்றுதான் செய்தார்.

“மாதிரி குடுக்காம எந்தப் புள்ள டீச்சர் எழுதும்? வெறும் பேப்பர்தான் வரும்” என்றார்.

“வரட்டும் சார். வெறும் பேப்பர்லேர்ந்தே ஆரம்பிக்கலாம்.”

அடுத்து அவர் செய்ததுதான் அநியாயம். எங்களை எழுதச் சொன்னார். அவரவர் தெருவைப் பற்றி ஐந்து வரி. அடுத்த தெருக்காரர் படித்தால் இது நம் தெரு இல்லை என்று கண்டுபிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எம்.ஏ., பி.எட். முடித்த என் பேனாவிலிருந்து முதலில் வந்து விழுந்தது ‘இயற்கை எழில் கொஞ்சும்’. எங்கள் தெருவில் கொஞ்சுவது சாக்கடைக் கொசுதான். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். டீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

எழில்மொழிக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் ஒருநாள் தெரிந்துகொண்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டிகளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தபோது அவராகச் சொன்னார். அவருடைய அப்பா இராஜாங்கம் டிராக்டர் ஓட்டினார், அம்மா காத்தாயி நடவுக்குப் போனார். ஒரே அறை, கீற்றுக் கூரை. ஐந்தாம் வகுப்பில் எழில்மொழி ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கினார். அதில் வீட்டுக்கு முன்னால் பூந்தோட்டம் இருந்தது, விருந்தினர் அறை இருந்தது, மாடியிலிருந்து சூரிய உதயம் தெரிந்தது. வயலிலிருந்து வந்த அம்மா காலைக் கழுவிக்கொண்டே வாசித்துக் காட்டச் சொன்னார். முழுதாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. இது யாரு வூடும்மா?”

“அம்மா கிண்டல் பண்ணல. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாங்க. அதான் எனக்கு அவமானமா போச்சு” என்றார் எழில்மொழி. ரயில் வந்தது. கேட் திறந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுபடி ஜூலைக்கு வருகிறேன். பயிற்சி முடிவதற்குள் வட்டாரக் கல்வி அலுவலர் வானதி மேடம் வந்துவிட்டார். தங்கையன் சார் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். மார்க் குறைந்தால் யார் பொறுப்பு? மேடம் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். விருப்பப்பட்ட பள்ளிகள் மாதிரிக் கட்டுரை இல்லாமல் நடத்திப் பார்க்கலாம். அரையாண்டுத் தேர்வில் ஒரு பள்ளித் தாளை இன்னொரு பள்ளி திருத்தும். மார்க் குறைந்தால் பழைய முறைதான், எழில்மொழியின் பயிற்சியும் அதோடு நின்றுவிடும்.

“சரிங்க மேடம்” என்றார் எழில்மொழி. பேரம் பேசவில்லை.

நான்கு பள்ளிகள் சேர்ந்தோம். எங்கள் பள்ளியும் அதில் ஒன்று. அவர் சொன்ன முறையில் புதுமை எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டியிருந்தது. முதலில் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். ஒரு பிள்ளை சொன்ன வாக்கியத்தை அது சொன்னபடியே கரும்பலகையில் எழுத வேண்டும். சொன்ன பிள்ளை அதை வாசிக்கும், பிறகு வகுப்பே வாசிக்கும். அதற்கப்புறம்தான் நோட்டு. பாடப்புத்தகத்தைப் பார்த்தால் திக்கித் திணறுகிற பையன், தன் வீட்டு நாயைப் பற்றித் தானே சொன்ன வரியைக் கடகடவென்று வாசிப்பான். இவ்வளவும் நடக்கும்போது மற்றப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் எங்களுக்குக் கசந்தது. ஒருத்தர் வகுப்பில் இன்னொருத்தர் வந்து உட்காருவது எங்கள் வழக்கத்திலேயே கிடையாது. அதிகாரிதான் வருவார், அவரும் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருவார். எழில்மொழி முதலில் தன் வகுப்பைத் திறந்துவிட்டார். “என்னைப் பார்க்காதீங்க. புள்ளைங்களப் பாருங்க, எந்த எடத்துல முழிக்கிறாங்கன்னு சொல்லுங்க” என்பார். சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். மறுநாள் மாற்றி நடத்துவார்.

ஆனாலும் பக்கம் நிரம்பவில்லை. ஒரு பக்கம் எழுதிய பிள்ளைகள் நாலு வரிக்கு வந்துவிட்டார்கள். அக்டோபரில், வகுப்பைப் பார்க்க நான் போயிருந்த ஒருநாள், வைரக்கண்ணு என்ற விவசாயி எழில்மொழியின் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்.

“மூத்தவ இதே கிளாஸ்ல பக்கம் பக்கமா எழுதுனா. இவ நாலு வரி எழுதிட்டு வர்றா. அப்புடி என்னதான் சொல்லிக் குடுக்குறீங்க?”

“அந்த நாலு வரியும் அவளே எழுதுனதுங்க. அரைப் பரீட்சை வரைக்கும் பொறுங்க” என்றார் எழில்மொழி. வைரக்கண்ணு பொறுக்கிற ஆளாகத் தெரியவில்லை. திட்டிக்கொண்டேதான் போனார். அன்று சாயங்காலமும் எழில்மொழி நோட்டுகளை எல்லாம் திருத்திவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அந்த நெஞ்சுரத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அரையாண்டுத் தேர்வு வந்தது. எழில்மொழியின் பள்ளித் தாள்கள் தங்கையன் சாரிடம் போயின. விடுமுறை முடிந்து ஜனவரியில் கூடினோம். மேடம் மார்க்கை வாசித்தார். நான்கு பள்ளிகளிலும் சரிவு. எழில்மொழியின் பள்ளிதான் கடைசி.

“நான் சொன்ன வார்த்தை ஒண்ணு இருக்கு டீச்சர்” என்றார் மேடம்.

“நிறுத்திடுங்க மேடம். அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர தங்கையன் சார் சத்தமா வாசிக்கணும். அவர் திருத்துனதுதான்.”

தங்கையன் சாருக்குக் கணீரென்ற குரல். எழில்மொழி நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு, எழுந்து நின்று ஆரம்பித்தார்.

“எங்கள் ஊர் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தண்ணீர் வரும்போது முதலில் பிளாஸ்டிக் பாட்டில் வரும். அப்புறம் நுரை வரும். அப்புறம் செத்த கோழி வரும். கடைசியில்தான் தண்ணீர் வரும். எங்கப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார். தண்ணீர் வந்தால் அன்றைக்கு எங்களைத் திட்ட மாட்டார்.”

செருப்பு வந்த இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. கடைசி வரியை மெதுவாக வாசித்தார். யார் எழுதியது என்று எழில்மொழி சொன்னார். வைரக்கண்ணுவின் இளைய மகள்.

“எவ்வளவு சார் போட்டீங்க?”

“மூணு. முன்னுரை இல்ல, உட்தலைப்பு இல்ல, பிழை ஏழு.”

“இப்ப போட்டா?”

“இப்பவும் மூணுதான். மார்க் போடுற கட்டம் அப்புடி இருக்கு.” தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “ஆனா என் வயலும் கடைமடைதான் மேடம். வருஷா வருஷம் நானும் அந்தப் பாட்டிலப் பாத்துட்டுத்தான் நிக்கிறேன். மார்க்க மட்டும் வச்சு இத நிறுத்துறது எனக்கு ஒப்பல. என் வகுப்புல ஒருநாள் நடத்தட்டும். என் புள்ளைங்களும் எழுதலன்னா நிறுத்திடுங்க.”

இதைக் கேட்டதும் எழில்மொழி நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன்.

“நான் நடத்த மாட்டேன். உங்க புள்ளைங்களுக்கு நீங்கதான் சார் நடத்தணும். நாங்க எல்லாரும் பின்னாடி உக்காந்துக்குறோம்” என்றார்.

அறையே அதிர்ந்துபோனது. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற தலைமையாசிரியர், சின்னவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வகுப்பெடுப்பதா? தங்கையன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி” என்றார். மேடமும் அதற்கு ஒத்துக்கொண்டார். எழில்மொழியின் பயிற்சி வாழ்வதும் சாவதும் அந்த ஒரு வகுப்பில் இருந்தது.

பள்ளி நடந்த ஒரு சனிக்கிழமை. சம்பா அறுவடை நேரம். ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தங்கையன் சாரின் ஐந்தாம் வகுப்பில் பின்பக்கம் முழுக்க நாங்கள். அவர் கரும்பலகையில் ‘எங்கள் வீட்டில் இந்த வாரம்’ என்று எழுதினார். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. பிள்ளைகள் நோட்டைத் திறந்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயைப் பார்த்தார்கள்.

“சொல்லுங்க சார்” என்றான் ஒருவன்.

“நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரம் போனது. ஒரு நோட்டிலும் ஓர் எழுத்து இல்லை. வானதி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கையன் சார் எங்கள் பக்கம் திரும்பி எழில்மொழியைப் பார்த்தார். எழில்மொழி அவரைப் பார்க்கவில்லை, பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் உதவ மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

மூன்றாவது பெஞ்சில் இருந்த பெண் மெல்லக் கையைத் தூக்கினாள். இசைவாணி என்று பெயர்.

“எங்க வீட்ல எழுதுற மாதிரி ஒண்ணும் நடக்கல சார்.”

தங்கையன் சார் சாக்பீஸை வைத்துவிட்டு வந்து அவள் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். “அப்பா வீட்லதான் இருக்காரா?” என்று கேட்டார்.

“இல்ல சார். கொள்முதல் நிலையத்துல இருக்கார். எங்க நெல்லுக்கு இன்னும் முறை வரல.”

“எப்பலேர்ந்து?”

“பொங்கல் முடிஞ்சதுலேர்ந்து. மூட்டை மேலயே படுத்துக்குவாரு. நான்தான் சோறு எடுத்துட்டுப் போவேன். மழ வருதான்னு வானத்தப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாரு. சோத்தப் பாக்கவே மாட்டாரு. குழம்பு நல்லாருக்கான்னு கேட்டா, மேகம் கலைஞ்சிடுச்சும்பாரு.”

யாரும் சிரிக்கவில்லை. இசைவாணி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பின்னால் இருந்த பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தாள். தப்பாக ஏதோ பேசிவிட்டோம் என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

“இதெல்லாம் கட்டுரைல எழுதலாமா சார்?”

தங்கையன் சாரின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்; எனக்கும் கலங்கித்தான் இருந்தது.

“எழுதலாம்மா” என்றார். “எழுதும்மா.”

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. எங்க ஆடு குட்டி போட்டுச்சு சார், அத எழுதலாமா? எங்க அண்ணன் சிங்கப்பூர் போயிட்டான், அத எழுதலாமா? தங்கையன் சார் பெஞ்ச் பெஞ்சாகப் போய், எழுது, எழுது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை. தலைகள் எல்லாம் குனிந்துவிட்டன.

வானதி மேடம் எழில்மொழியின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“அடுத்த மாசம் எந்தப் பள்ளிக்கூடத்துல வைக்கலாம் டீச்சர்?”

“கொஞ்சம் இருங்க மேடம்” என்றார் எழில்மொழி. “அந்தப் புள்ள எழுதி முடிச்சிடட்டும்.”