பால் ஊற்றாத டீ

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி எங்கள் டீக்கடை இருந்தது. எமர்ஜென்சி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். பாய்லர் முன்னால் நிற்பது நான். ஆனால் டீ எப்படி இருக்கிறது என்று சொல்வது என் மனைவி. காலையில் முதல் கிளாஸ் அவளுக்குத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, "டிக்காஷன் எறங்கல" என்பாள். இல்லாவிட்டால், "பால்ல அடிப்புடிச்ச வாடை கீது" என்பாள். நான் குடித்துப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனக்கு வாய்த்தது டீ ஆற்றும் கை மட்டும்தான்.

ஒரு ஆடி மாதத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. அல்சர் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தோம். உடம்பு பாதியானதும் வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, அறுத்தாலும் பிரயோஜனமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவள் அப்போது வெளியே வராந்தாவில் இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் ஏரிக்கரை தெரிந்ததும் என் பக்கம் திரும்பாமலே, "எனக்குத் தெரியும் மாமா. நீ ஒண்ணும் சொல்ல வாணாம்" என்றாள்.

அதற்குப் பிறகு பால் என்றாலே அவளுக்கு ஆகவில்லை. கடையிலிருந்து நான் வந்தால் சட்டையில் ஒட்டியிருக்கும் பால் நெடிக்கே குமட்டுவாள். கிணற்றடியில் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் கிட்டே போவேன். ஊருக்கெல்லாம் டீ போடுகிறவன், பெண்டாட்டிக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லை.

அவளுடைய தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். அக்காவுக்கு இப்படி என்று கேள்விப்பட்டு லீவு போட்டுக்கொண்டு ஓடிவந்தான். எதைத் தின்பாள் என்று தெரியாமல் பிஸ்கட், மிட்டாய், சத்துமாவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். அதில் சீன எழுத்துப் போட்ட ஒரு தகர டப்பா இருந்தது.

"இது சீனாக்காரங்க குடிக்கிற டீ, மாமா. ஊலாங்னு பேரு. பளத்து வாசனை சேத்துக் கீது."

படுத்திருந்த அவள், "பேரே நாய் ஊளை உடற மாதிரி கீது" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

டப்பாவைத் திறந்தால் டீத்தூள் மாதிரியே இல்லை. கறுப்பும் பச்சையுமாய், மிளகு போலச் சுருண்ட உருண்டைகள். நான் பழக்கதோஷத்தில் ஒரு கை அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்து இறக்கினேன். கசாயமாக இருந்தது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தாள். "டீ மாஸ்டருக்கு டீ போடத் தெர்ல" என்றாள்.

தம்பி எழுந்து வந்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஆவி கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தான். கண்ணாடி கிளாஸில் ஒரு சிட்டிகை இலை போட்டு, மேலே தண்ணீரை ஊற்றி மூடி வைத்தான். சர்க்கரையும் இல்லை. திறந்தபோது உருண்டைகள் பிரிந்து முழு இலையாக மிதந்தன. தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தது. அவள் கிளாஸை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு வெகு நேரம் குடிக்கவே இல்லை.

"இன்னா பளம்டா இது?"

"பீச்சுன்னு சொல்றாங்கோ. நானும் துன்னதில்ல அக்கா."

அவள் குடித்தாள். "கொய்யாவும் பன்னீர் ரோஜாவும் ஒரே கூடையில வெச்சா மாதிரி கீது. கடைசியில நாக்குல லேசா ஒரு துவர்ப்பு. அது நல்லாக் கீது." குடித்தது வயிற்றில் நின்றது. தம்பி வெளியே போய் வேலி ஓரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் லீவு முடிந்து போன பிறகு தினமும் மத்தியானம் நான் அந்த டீயைப் போட்டேன். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. "தண்ணி வாசனையத் துன்னுடுது மாமா" என்றாள். சைக்கிளில் திருப்புலிவனம் போய் ஒரு வயல் கிணற்றிலிருந்து குடத்தில் மொண்டுவந்தேன். அதில் போட்ட டீயைக் குடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே இலையில் இரண்டாவது முறை தண்ணீர் ஊற்றியதுதான் அவளுக்குப் பிடித்தது. முதல் தண்ணீரை என்னைக் குடிக்கச் சொல்வாள். "எப்டி கீது, சொல்லு" என்பாள். நல்லா இருக்கிறது என்பேன். "நல்லா கீதுன்னா? ருசியச் சொல்லத் தெரியாம கடை வெச்சிக்கினு கீற" என்பாள்.

பார்க்க வந்த பெண்கள் அவள் கோலத்தைக் கண்டு அழுவார்கள். "அளுவாதீங்க, இதக் குடிங்க" என்று சொல்லி, ஊற்றிக் கொடுக்கும்படி எனக்கு ஜாடை காட்டுவாள். அவர்கள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பார்கள். பூ விற்கும் பெண் ஒருத்தி, "இன்னாக்கா, பல்லு வெளக்கின தண்ணி மாதிரி கீது" என்றாள். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் என் மனைவி. சிரித்தால் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஐப்பசி மழை பிடித்ததும் அதுவும் இறங்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். ஒருநாள், "வாசனை மட்டும் காட்டு, போதும்" என்றாள். கிளாஸை முகத்துக்குக் கிட்டே பிடித்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. காரியம் முடிந்ததும் அதைப் பரணில் வைத்தேன். குடிக்கவும் மனசில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது ஈரம் இறங்கி இலையெல்லாம் பூஞ்சை பூத்திருந்தது. குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, தகரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை. அந்தக் குப்பைமேட்டில்தான் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருடம் தம்பி வந்தான். சாவுக்கு வர அவனுக்கு லீவு கிடைத்திருக்கவில்லை. நேராகக் கடைக்கு வந்து, பையிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தான். "இது லிச்சி பள வாசனை, மாமா. போன தபாவே அக்காவுக்கு வாங்கணும்னு நெனச்சேன், கிடைக்கல" என்றான். மத்தியான வேளை, கடையில் ஆளில்லை. தண்ணீரை இறக்கி, ஆவி அடங்கவிட்டு, இரண்டு கிளாஸில் ஊற்றினேன். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம்.

"எப்டி கீது மாமா?"

என்ன என்னவோ தோன்றியது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"நீ சொல்லு" என்றேன்.

அவனும் சொல்லத் தெரியவில்லை என்று தலையை ஆட்டினான். காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் கடைப் பக்கம் வந்தார்கள். நான் எழுந்து பால் குண்டானை அடுப்பில் ஏற்றினேன்.