ஞாயிறு 3:10 முதல் காணவில்லை

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களைக்கூட என் போனில் இருக்கும் படங்களையும் அழைப்புகளையும் பார்த்துச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்தது இது.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பெல்ட்டில் வரும் ஷூக்களில் தையல் பிசகியிருக்கிறதா, பசை பிதுங்கியிருக்கிறதா, ஒரே பெட்டிக்குள் இரண்டும் இடது காலாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். "கம்பெனியில பாக்குறது போதாதுன்னு வீட்டுலயும் பாக்குறா" என்பது என் வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி ஒன்பது வருஷம். சண்டை உண்டு, சந்தேகம் மட்டும் வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

ஒரு நாள் பயணம்தான். மலை ஏறி, வழியில் இரண்டு மூன்று கிராமங்கள், ஒரு ஏரி, கடைசியில் வெந்நீர் ஊற்று. இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று கணக்கு. எனக்கு ஒரு வாரமாக வறட்டு இருமல். "வெந்நீர் ஊத்துல அரை மணி நேரம் உட்கார்ந்தா எல்லாம் ஓடிப் போயிடும்" என்றார். அதிகாலை 5:40க்குக் கிளம்பினோம். முந்தைய நாள் சாயங்காலம்தான் வாங்கிய கடுகு மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

8:20. முதல் கிராமம். ரோட்டோரம் தகரக் கூரை போட்ட டீக்கடை. அவர் காரைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போனேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா... கிடைச்சுட்டீங்களா! எங்கம்மா போயிட்டீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வந்த என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம், இந்த மனுஷன் அழுத அழுகை இருக்கே... டீ போட்டுக் குடுத்தேன், தொடவே இல்ல."

"யாரும்மா நீங்க? நான் இந்தப் பக்கம் வர்றதே இதான் முதல் தடவை" என்றார் அவர்.

"வியாழக்கிழமை வந்து இந்த பெஞ்சுலதானே உட்கார்ந்திருந்தீங்க? பொண்டாட்டியக் காணோம்னு போட்டோ காட்டுனீங்களே!"

ஆள் தெரியாமல் பேசுகிறாள் என்று சிரித்துக்கொண்டே கிளம்பினோம். அதாவது, நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரியாக இருந்த பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரி செய்துகொண்டே ஓட்டினார்.

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்தார். ராத்திரி ஏழே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தார். சட்டையில் கிரீஸ் கறை. நான்தான் துவைத்தேன்.

11:05. ஏரி. தண்ணீர் மேல் பனி இன்னும் கலையவில்லை. படகுத்துறையில் ஒரு மரத்தூண். "அதுல சாய்ஞ்சு நில்லு, ஒரு போட்டோ எடுக்குறேன்" என்றார். நின்றேன். எடுத்தார். படகுக்காரர் துடுப்பைத் துடைத்துக்கொண்டே எங்களை உற்றுப் பார்த்தபடி இருந்தார். பிறகு பக்கத்தில் வந்தார்.

"சார், இதே போட்டோதானே அன்னைக்குக் காட்டுனீங்க?"

"என்னைக்கு?"

"வியாழக்கிழமை. இதே தூணு. இதே மஞ்சள் ஸ்வெட்டரு. அதான் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சிடுச்சு. நல்லவேளை, கிடைச்சுட்டாங்க."

வியாழக்கிழமை அந்த ஸ்வெட்டர் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போட்டோ எடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"எனக்கே காது குத்துறீங்களா? வியாழக்கிழமை எங்க போனீங்க?"

"வேலைக்குத்தான். சத்தியமா."

கழிப்பறைக்குப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போய், அவரோடு வேலை செய்கிற கூட்டாளி நெட்டைக்குப் போன் போட்டேன். 11:22.

"வியாழக்கிழமையா அண்ணி? காலையில எட்டரையில இருந்து ஏழு மணி வரைக்கும் ரெண்டு பேரும் லிஃப்ட் குழிக்குள்ளதான் கிடந்தோம். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டேன். ஆனால் மனசு அடங்கவில்லை. கூட்டாளிக்காகப் பொய் சொல்கிறானோ? மனைவி பக்கத்தில் உயிரோடு இருக்கும்போதே ஒருவன் ஊர் ஊராகப் போய் மனைவியைக் காணோம் என்று சொல்லி வைத்தால், அதற்கு என்ன அர்த்தம்? ஒரே ஒரு அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது.

திரும்பி வந்தபோது அவர் படகில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் கையை நீட்டினார்.

"வா, ஏறு."

ஏரி நடுவில் யாரும் இல்லை.

"தலை வலிக்குது. வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

போகிற வழியில்தான் வெந்நீர் ஊற்று, உன் இருமலுக்காகத்தானே வந்தோம் என்றார். மறுத்துப் பேசப் பயமாக இருந்தது. 12:50க்கு இன்னொரு கிராமத்தைத் தாண்டினோம். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்று, எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். சந்தோஷமாகத் தலையாட்டினார். கார் கதவின் கைப்பிடியிலிருந்து நான் கையை எடுக்கவே இல்லை.

2:35. வெந்நீர் ஊற்று. ஆண்களுக்கு ஒரு கட்டிடம், பெண்களுக்கு ஒரு கட்டிடம். எனக்கு அதுதான் வேண்டும். அவர் உள்ளே வர முடியாத இடம். அங்கே நின்று அக்காவுக்குப் போன் செய்து, யாரையாவது அனுப்பச் சொல்ல வேண்டும். கவுன்டரில் இருந்த பெண் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு துண்டை நீட்டினாள்.

அவர் பின்னால் ஓடி வந்து சிக்னல் கிடைக்கிற இடம், வண்டி நிறுத்துகிற இடம் என்று என்னென்னவோ பேசி இருபது நிமிஷம் பிடித்து வைத்தார். முகமே சரியில்லை. ஒருவழியாக உள்ளே போனேன்.

3:02.

நீளமான கூடம். நடுவில் சிமென்ட் தொட்டி. தொட்டிக்கு மேல் ஆவி கூரை வரைக்கும் நின்றது. எதிர்ச் சுவர் தெரியவில்லை. குழாய் மட்டும் எங்கோ... க்ளக்... க்ளக்... என்றது. வேறு யாரும் இல்லை. கொக்கிகளில் ஒரு துணிகூட இல்லை.

அக்காவுக்கு அடித்தேன். லைன் போகவில்லை.

இருமினேன். இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

ஆவிக்கு அந்தப் பக்கம் அதே போல ஒரு இருமல். எதிரொலி என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்... இரண்டு சின்ன இருமல், ஒரு நீள இருமல்.

இந்த முறை நான் இருமவில்லை.

"யாரது?"

தரையைப் பார்த்தேன். தொட்டியிலிருந்து ஈரக் காலடிகள். வெறுங்கால். சின்னப் பாதம். படியேறி, என்னைத் தாண்டி, பக்கத்துச் சுவர் வரை போயிருந்தன. அங்கேயே நின்றுவிட்டன. திரும்பிப் போன தடம் இல்லை.

சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.

கையால் எழுதியது. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லிஃப்ட் கதவில் மாட்டுகிற 'பழுது' அட்டைகளை அவர் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுவார். 'ழ'வின் வால் அடுத்த வரியில் போய் இடிக்கும். இதிலும் இடித்தது.

'காணவில்லை. என் மனைவி. கடுகு மஞ்சள் ஸ்வெட்டர். வறட்டு இருமல் உண்டு. ஞாயிறு மாலை 3:10 முதல் காணவில்லை. பெண்கள் குளிக்கும் கூடத்துக்குள் போனவள் வெளியே வரவில்லை. தகவல் தெரிந்தால் தயவுசெய்து அழைக்கவும்.'

தேதி போட்டிருந்தது. அன்றைய தேதி.

கீழே அவர் போன் நம்பர்.

என் போனைப் பார்த்தேன்.

3:09.

காகிதத்தைச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்தேன்.

க்ளக்... க்ளக்... நின்றுவிட்டது.

பின்னால் தண்ணீர் விலகும் சத்தம்.

யாரோ படியேறுகிறார்கள்.

ஒரு படி.

இரண்டு...

ஓடினேன். கதவு எட்டு அடியில்தான் இருந்தது. எட்டே அடி. தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தேன்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் கவுன்டர்காரப் பெண். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"எங்க போன? கத்திக் கத்திக் கூப்பிட்டேன். இவங்க ரெண்டு தடவை உள்ள போய்ப் பார்த்தாங்க!"

"இப்பத்தானே போனேன்..."

கவுன்டர் சுவரில் கடிகாரம். 3:41.

"உள்ள யாருமே இல்லம்மா" என்றாள் அந்தப் பெண். "தொட்டிக்குள்ளகூடப் பார்த்தேன்."

அவர் என்னை அணைத்தபடி காருக்குக் கூட்டி வந்தார். அரை மணி நேரம் ஓட்டியபின் ஓரமாக நிறுத்தச் சொல்லி அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார்.

"என் எழுத்துதான்" என்றார். "ஆனா நான் எழுதல."

ஒன்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து அவரைக் கொலைகாரனாக நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அந்தக் காகிதத்தை அங்கேயே எரித்தோம். இரவு 8:50க்கு வீடு. முடிந்தது என்று நினைத்தோம்.

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். 7:40க்கு அவர் போன் அடித்தது. தெரியாத நம்பர். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வெந்நீர் ஊத்து கவுன்டர்ல இருந்து பேசுறேன். வாசல்ல நீங்க ஒட்டுன இன்னொரு நோட்டீஸ்ல இருந்து நம்பர் எடுத்தேன்..."

"சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிட்டுப் போனதை நான் என் கண்ணால பார்த்தேன் சார். அதான் எனக்கு ஒண்ணும் புரியல..."

"என்ன புரியல?"

"உங்க வீட்டம்மா இங்கதான் இருக்காங்க. இப்பத்தான் கூடத்துல இருந்து வெளிய வந்தாங்க. முழுக்க நனைஞ்சு நடுங்கறாங்க... இருங்க, குடுக்குறேன்."

போன் கைமாறும் சத்தம்.

ஒரு இருமல்.

பிறகு ஒரு குரல். என் குரல்.

"என்னங்க... என்னை இங்க விட்டுட்டு, யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் போனை அணைத்தார்.

மணி 7:44.

மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

எதுவும் கேட்கவில்லை.

இன்று வரை கேட்கவில்லை.