பிப்ரவரியில் இல்லாத பிள்ளைகள்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் கடற்கரைத் தெருக்களை ஒட்டியிருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததற்கெல்லாம் இதைத்தான் சாக்காக வைத்திருந்தேன்.

எங்கள் தலைமையாசிரியர் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிறவர் என்று பெயர் வாங்கியவர். வருடா வருடம் கல்வி இலாகா டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து அவருக்கு மாலை போடுவார். மனிதர் அதைக் கழற்றாமலே டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார். அவர் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. சாக்பீஸ் தூசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். ஒத்துக்கொள்ளாதது சாக்பீஸ் மட்டும்தானா என்று நாங்கள் பின்னால் பேசிக்கொள்வோம். முன்னால் பேசுகிற ஆண்பிள்ளை எங்களில் ஒருவனும் இல்லை.

மேலிடத்துக்கு இரண்டு கணக்குகள் வேண்டும். ஜூலைக் கடைசியில் பள்ளியில் எத்தனை தலை என்று ஒன்று. தலை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போய்விடும். ஏப்ரலில் எத்தனை பேர் தேறினார்கள் என்று இன்னொன்று. எனவே ஜூனில் நாங்கள் கடற்கரைத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்போம். ஆளுக்கு இத்தனை என்று தலைமையாசிரியர் பங்கு பிரித்திருப்பார். மதியம் கோதுமை உப்புமா உண்டு என்று ஆசை காட்டி, வாசலில் நின்ற பிள்ளைகளையெல்லாம் பதிவேட்டில் ஏற்றுவோம். பிப்ரவரி வந்ததும், பரீட்சையில் தேறாது என்று பட்டதையெல்லாம் இறக்குவோம். தலைமையாசிரியர் அதற்குக் களையெடுப்பு என்று பெயர் வைத்திருந்தார்.

தொடர்ந்து பதினைந்து நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கலாம் என்பதுதான் அவர் கையிலிருந்த விதி. கடைக்கார அண்ணாச்சிமார் பிள்ளைகள் கல்யாணம், கோயில் கொடை என்று மாதக்கணக்கில் உடன்குடிப் பக்கம் போய்க் கிடந்தாலும் அவர்கள் பெயர் அசையாது. தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் 'கடல்' என்று இருந்தால் போதும், சிவப்பு மை பாயும். அது சங்கு குளிக்கிற காலம். தகப்பன் கடலில், தாய் கரையில், கைக்குழந்தையோடு மூத்த பிள்ளை வீட்டில். பதினைந்து நாள் சுலபமாகச் சேர்ந்துவிடும். எந்தப் பிள்ளை என்ன மார்க் என்று அவர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தெருவைப் பார்த்தாலே தேறுமா தேறாதா என்று தெரியுமாம்.

"கடக்கரைப் பிள்ளையளுக்கு எதுக்குவே படிப்பு? அதுகளுக்குக் கடல் இருக்கு. நமக்கு சதவீதம் வேணும்லா," என்பார்.

அந்த வருடம் சங்கு குளிக்கிறவர் ஒருவரின் மகள் என் வகுப்பில் இருந்தாள். நான் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் என்னைப் பார்ப்பாள். அம்மாவுக்குப் பிரசவம் ஆனதால் மூன்று வாரம் அவள் வரவில்லை. அவள் பெயர் மேலும் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. நான் தலைமையாசிரியரிடம் போய், வகுப்பிலேயே முதல் பிள்ளை அவள்தான் என்றேன்.

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "முன்னாடியே சொல்லக் கூடாதாவே? சிவப்பு மையில அடிச்சாச்சு. திருத்துனா பக்கத்துல கையெழுத்துப் போடணும். போட்டா டெபுடி ஏன்னு கேப்பாரு. ஒண்ணைப் பத்திக் கேட்டா எல்லாத்தையும் பத்திக் கேப்பாரு."

அத்தோடு முடிந்தது. அவள் திரும்பி வந்தபோது பெயர் போனதை நான் சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன். பெயரில்லாமலே படித்தாள், பெயரில்லாமலே முழுப் பரீட்சை எழுதினாள். விடைத்தாளைத் திருத்தியவன் நான்தான். கணக்கில் ஒரு தப்புகூட இல்லை. அந்தத் தாளை மட்டும் கட்டோடு சேர்க்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்களுக்கு வழக்கம்போல் நூற்றுக்கு நூறு. வளர்ந்து வருகிற வாத்தியார் என்று மேடையில் என்னைக் காட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

ஜூனில் அவளுடைய அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளோடு வந்தாள். சிஸ்டர்மார் நடத்தும் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் சொல்லியிருந்தார்கள். டி.சி. கொண்டு போனால் சேர்த்துவிடலாம். தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்து சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

"பிப்ரவரியிலயே உங்க மக இங்க இல்லம்மா. இல்லாத பிள்ளைக்கு எப்படி டி.சி. குடுக்க?"

தாய் என் பக்கம் திரும்பினாள். "சார், இவ பரீட்சை எழுதுனாளே. நீங்கதான திருத்துனீங்க?"

தலைமையாசிரியரும் என்னைப் பார்த்தார். அந்தத் தாள் என் வீட்டுப் பெட்டியில் இருந்தது. "பேர் இல்லாம எழுதுனா கணக்குல வராதும்மா," என்றேன். என்னை நான் காறித் துப்பிக்கொள்ள இந்த ஒரு வாக்கியம் போதும்.

உடனே அவருக்குக் கருணை பொங்கியது. "அதுக்கென்ன, மறுபடி அஞ்சாப்புலயே போட்டுருவோம். ஒரு வருசம்தான. உப்புமாவும் கிடைக்கும்லா."

என் பங்குக்கு அந்த வருடம் ஒரு தலை குறைந்தது. அவள் பெயரை எழுதி அதைச் சரிக்கட்டினேன். தாய் ரேகை வைத்தாள். பிள்ளை அழுதாள். நான் தேதி போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஒரு வாரம் வந்தாள். "இதெல்லாம் போன வருசமே போட்டாச்சு சார்," என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு வரவில்லை. இறால் கம்பெனியில் தோலுரிக்கப் போகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. ஜூலைக் கடைசி இன்னும் வரவில்லையே, தலை எண்ண வேண்டுமே. தினமும் காலையில் அவள் பெயருக்கு நேரே ஆஜர் போட்டேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கம்பெனி விட்டு வருகிற பெண்களோடு அவள் எதிரே வந்தாள். விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. பள்ளியில் நிற்பதுபோலவே நேராக நின்றாள்.

"சார், இன்னைக்கு எனக்கு ஆஜர் போட்டாச்சா?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"போட்டாச்சு," என்றேன்.