மேலிருந்து தெரியாத காம்பரா

விண்வெளி வீரர்களைப் பற்றி நாவல் எழுதுகிறேன் என்று சொன்னதற்கு எங்கள் றப்பர் தோட்டமே சிரித்தது. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் கேட்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் றப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்து அடுப்படியில் குந்தியிருப்பாள். நான் அன்று எழுதியதை வாசித்துக் காட்டுவேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் அந்த ஒற்றையறைக் காம்பராவில் நாங்கள் இருவர்தான்.

நாவலில் நான்கு பேர் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுவார்கள். ஜன்னலருகே மிதந்தபடி, கீழே எல்லைக்கோடே இல்லை, எல்லாம் ஒரே மண் என்று நெகிழ்வார்கள். அதை எழுதும்போது எனக்கே கண் கலங்கும். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

"மேலேருந்து பாத்தா நம்ம லயம் தெரியுமா?" என்று ஒருநாள் அக்கா கேட்டாள்.

"லயம் தெரியாதுக்கா. மலை தெரியும், பச்சையா."

"அப்ப நாங்க இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. தோட்டத்து ஆபீஸ்லயும் அப்படித்தானே? அடுப்புப் பொகை வந்தாத்தான் ஆளு இருக்குன்னு நெனைப்பாங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. உறுதி, பத்திரம் என்று எங்களிடம் எதுவும் கிடையாது. முந்தைய வருட மழையில் மண்சரிவுக்குப் பயந்து பாடசாலையில் போய்த் தங்கிய குடும்பமொன்று திரும்பி வந்தபோது, அவர்களுடைய காம்பராவில் வேறு யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, எல்லோரும் கீழே இறங்கினாலும் வீட்டுக்கு ஒருவர் தினமும் காலையில் ஏறிப்போய் அடுப்பை மூட்டிப் புகைய விட்டு வருவது எங்கள் லயத்து வழக்கமாகிவிட்டது.

அடுத்த மழையில் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. கிராம சேவகர் வந்து சிங்களத்தில் சத்தம் போட்டு எல்லோரையும் இறக்கினார். வகுப்பறையில் பாய் விரித்தோம். கடை பூட்டு, சமையலும் இல்லை. நாவல் எழுதும் கொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு நாளும் அக்காதான் மேலே போனாள். மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. அன்று போகவேண்டியவள் நான்.

"இன்னைக்கு நீ போறியா?" என்றாள்.

நாவலில் என் ஆட்கள் இந்து சமுத்திரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரைப் பக்கத்தில் இலங்கை வந்துவிடும்.

"இது முடியட்டும்க்கா."

"சரி, நீ எழுது புள்ள. நானே போயிட்டு வாறேன்."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன்னால் சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல் கொட்டுவது போன்ற சத்தம், ஆனால் நிற்கவே இல்லை. வாசலுக்கு ஓடினோம். மலையில் எங்கள் காம்பரா இருந்த பாதி லயத்தைக் காணவில்லை. றப்பர் மரங்கள் நின்ற வாக்கிலேயே பள்ளத்துக்குள் இறங்கியிருந்தன. மறுநாள் பின்னேரம்தான் அக்காவை எடுத்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். பார்த்தேன்.

அவளைக் கொன்றது மழை என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த அரைப் பக்கம் எனக்கல்லவா தெரியும். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. மேலே இருந்து பார்த்து நெகிழ்கிறவர்களை எனக்கு இப்போது பிடிப்பதில்லை.

புது வீடு தருவதாகச் சொல்லி மூன்று தடவை வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் இரு என்று, மிஞ்சிய பாதி லயத்தில் ஒரு காம்பராவைக் காட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு போக்கிடம் ஏது? போன வாரம் திரும்பவும் மழை பிடித்தது. கிராம சேவகர் வந்து எல்லோரையும் இறங்கச் சொன்னார். இறங்கினேன். எனக்காக மேலே போக இப்போது யாரும் இல்லை. மறுநாள் காலையில் தீப்பெட்டியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நானே ஏறிப்போனேன்.