பாதி நான், மீதி அவர்

பக்கவாதம் வந்து மூன்று மாதமாயிற்று. என் கணவருக்கு வலது கையோடு பேச்சும் போயிற்று. முன்பு மட்டும் என்ன, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனிதர்தான். ஆனாலும் பேச முடிந்தும் பேசாமல் இருப்பது வேறு, இது வேறு.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஆட்டோ வைத்து, தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் அழைத்துப் போனேன். தண்ணீர் டம்ளரைக் காட்டி இது என்ன என்று அவள் கேட்டால் விழிப்பார். "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்துக் கொடுத்தால் பத்துவரை மளமளவென்று போவார். முப்பது வருடம் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வந்தவர். பல்லாவரம் என்று சொல்லச் சொன்னால் உதடு நடுங்கும். "தாம்பரம், சானடோரியம்" என்று நான் எடுத்துக் கொடுத்தால் குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் தானே வந்துவிடும்.

"தனி வார்த்தை வராது ஆன்ட்டி. ஒண்ணு பின்னாடி ஒண்ணா பழகினது உள்ள அப்படியே இருக்கு. வீட்ல அங்கிள் அடிக்கடி சொல்ற டயலாக்கை நீங்க பாதி சொல்லுங்க, அவர் முடிப்பார்" என்றாள் அந்தப் பெண்.

அன்று மத்தியானமே சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டு, "குழம்புல" என்றேன்.

"உப்பு இல்ல" என்றார், கணீரென்று.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு நாளாயிருந்தால் கரண்டியை விட்டெறிந்திருப்பேன்.

"உனக்கு ஒண்ணும்" என்றால் "தெரியாது." "எதுக்கெடுத்தாலும்" என்றால் "அழுகை." ஒரு வாரம் இப்படியே போயிற்று. எல்லாம் என்னைத் திட்டியவைதான். சே, இந்த மனுஷன் வாயில் எனக்கென்று ஒரு நல்ல சொல் இருக்காதா என்று ஆத்திரமாக வந்தது. இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒன்றே ஒன்று கேட்டுவிட வேண்டும் எனக்கு.

முப்பத்தைந்து வருடத்தைத் துழாவினேன். அவர் அன்பாகச் சொன்ன ஒரு வாக்கியத்தின் முதல் பாதிகூட அகப்படவில்லை. கடைசியில் நானே ஒன்றை உண்டாக்கினேன். சாயங்காலம் அவருக்கு முகம் துடைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "நீ இல்லன்னா" என்றேன். 'நான் என்ன பண்ணுவேன்' என்று அவர் முடித்தால் போதும்.

உதடு கொஞ்சம் துடித்தது.

"நிம்மதி" என்றார்.

சண்டையில் எத்தனையோ முறை சொன்னதுதான். எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. தெரிந்து சொன்னாரா, பழக்கத்தில் வந்ததா என்று கேட்டால், பதில் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. அவர், முடித்துவிட்ட சந்தோஷத்தில், கோணிய வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கரெக்டா சொன்னீங்க" என்றேன்.