கைவசம் ஒரு பசு

எழுபதுகளில் தேவிகுளம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது, அந்த மலையில் ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தது என்றால் முதல் சில பாடங்கள். ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜரின் சாமான்களை ஏலம் விட்டபோது, ஒரு குடைக்கு ஆசைப்பட்டுப் பெட்டியோடு எடுத்தேன். அடியில் ஸ்பானிஷ் பாடப்புத்தகம் கிடந்தது. குடை ஒழுகியது.

பக்கத்து எஸ்டேட் ஃபாக்டரியின் ஃபிட்டர் என்னைவிட மூத்தவர், திருநெல்வேலி வழி. அர்ஜென்டினாவில் தேயிலை ஃபாக்டரி நடத்தும் ஒருவர் ஆள் எடுக்க வருகிறார், நாலு வார்த்தை ஸ்பானிஷ் பேசுகிறவனுக்கே வேலை என்று கேள்விப்பட்டு, ஞாயிறுதோறும் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்.

உச்சரிப்பில் சிரமமே இல்லை. நாய் என்று பொருள்படும் ‘பெறோ’வுக்கு அழுத்தமான ற, ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘பெரோ’வுக்கு மெல்லிய ர. மலையாளத்தில் பழகிய அவர் நாக்கு இரண்டையும் பிரித்துச் சொன்னது. ‘வி’ என்று எழுதியிருந்தாலும் ‘ப’ என்று வாசிக்க வேண்டும் என்றதற்கு, “எழுதுனவனுக்கே சந்தேகம் போல” என்றார்.

உடைமைப் பாடத்தில்தான் தகராறு. ‘தெங்கோ ஊனா காசா’, அதாவது என்னிடம் ஒரு வீடு இருக்கிறது. அதை மட்டும் திருப்பிச் சொல்ல மாட்டேன் என்றார்.

“வீடு கம்பெனியோடதுல்லா சார்? வேல போச்சுன்னா சாவியக் குடுத்துட்டு எறங்கணும்.”

“பாடத்துக்குத்தானே அண்ணாச்சி.”

“ஆளெடுக்கையில எங்க எஸ்டேட் மேனேஜரும் பக்கத்துல இருப்பாரு. ஒனக்கு ஏதுடே வீடுன்னு கேட்டா?”

லயத்தில், அதாவது கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், யாரும் என் வீடு என்று சொல்வதில்லை, நம்பரைத்தான் சொல்வார்கள். ரெவின்யூக்காரனாயிற்றே, விளக்கினேன்: தெங்கோ என்றால் கைவசம் மட்டும், உரிமைப் பத்திரமான பட்டயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் யோசித்தார்.

“அப்ப பசுவச் சொல்லிருதேன். அதுல ரெண்டும் எனக்குத்தான்.”

நேர்காணலன்று என்னை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். சன்னல் வழியே கேட்டது. வீடு உண்டா என்று ஆள் எடுக்க வந்தவர் ஸ்பானிஷில் மெதுவாகக் கேட்டார். “நோ தெங்கோ,” என்றார் ஃபிட்டர். “தெங்கோ ஊனா பாக்கா.” என்னிடம் ஒரு பசு இருக்கிறது. உள்ளே சிரிப்பு. வேலை கிடைத்தது. வீடில்லாதவன் பாதியில் ஓடிவர மாட்டான் என்று வந்தவர் நினைத்திருக்கலாம். என் போதனையின் பலன் என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.

எஸ்டேட் பதிவேட்டில் பேரை வெட்டியதும் வீட்டை ஒப்படைத்தார். மனைவியும் பிள்ளைகளும் மலைக்குக் கீழே கம்பம் ஊரில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போனார்கள். பசு பஸ் ஏறாது. என் வாசலில் கொண்டுவந்து கட்டினார்.

“ஒங்க கைவசம் இருக்கட்டும் சார். பட்டயம் எனக்கு.”

அரசுக் குடியிருப்பில் மாடு வைத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி வேண்டும். விதி எனக்கு மனப்பாடம். விண்ணப்பிக்கவில்லை. பனி இறங்கும் காலைகளில் கறக்கும்போது அதற்குப் பாடங்களைச் சொல்லிக் காட்டுவேன். காதை ஆட்டும்.

அர்ஜென்டினாவிலிருந்து விடுமுறையில் வந்த ஃபிட்டர் நேரே பசுவிடம் போய், கழுத்தைத் தடவியபடி ஸ்பானிஷில் சரசரவென்று ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதெல்லாம் என் பாடங்களுக்கு வெகு தூரம். பக்கத்தில், என் வாசலில் பிறந்த கன்று நின்றது.

“இது யாருக்கு சார்?”

“சட்டப்படி உங்களுக்குத்தான்.”

“சட்டம் கெடக்கு. வச்சுக்கிடுங்க.”